மிரான் அக்காவின் கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்குத் தாஹேயின் வணக்கம். மோக்போவில் நம் கம்ப்யூட்டர் கடை எப்படி நடக்கிறது? இருமல் குறைந்ததா? நான் நலம்.

சின்ன விஷயம்தான். "கம்ப்யூட்டர்காரர் பொண்ணுதானே, இதை வேகமாக்கிக் குடுடி" என்றாள் விடுதி அறைத்தோழி மிரான் அக்கா. நினைவகம் நிரம்பினால் கைகொடுக்க ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கியிருந்த இடத்துக்கு நான் பூஜ்யம் போட்டுவிட்டேன். இப்போது அவள் அதில் வரைந்து வைத்திருக்கும் படத்தைத் திறந்தாலே எல்லாம் அணைந்துவிடுகிறது. கல்லூரிச் சேர்க்கைக்கு நாளை காலை கொடுக்க வேண்டியது அது. "என் ராசி அப்படி" என்று அழுதபடியே தூங்கிவிட்டாள். என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அங்கே எந்த எண் போட வேண்டும், அப்பா? கொஞ்சம் கருவாடும் அனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

இது உங்களிடம் சேருமுன் விடிந்துவிடும். அவள் விழித்துவிட்டாள். "போர்வைக்குள்ள டார்ச் அடிச்சு யாருக்குடி காதல் கடிதம்?" என்கிறாள். சொல்லிவிடப் போகிறேன்.

தாஹே