வளைவைப் பற்றி முதலாளியம்மாவுக்கு

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

எனக்கு ஆண்குறி வளைந்துவிட்டது. நீ நம் மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு வெகு நாள் முன்பே தொடங்கிய கோளாறு. எழும்பினால் ஒரு பக்கமாக மடங்குகிறது, வலிக்கிறது. அதனால்தான் குடோனில் போய்ப் படுத்தேன். நீ நினைத்ததுபோல் வேறு எவளும் இல்லை. இதைப் போனில் சொல்லலாம் என்றால் நம் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். மாப்பிள்ளை காதில் விழ வேண்டிய சங்கதியா இது? படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

“அலுத்துப்போச்சுன்னா அலுத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க, எதுக்கு ராத்திரி லோடு வருதுன்னு பொய்?” என்று கேட்டாய். ரப்பர் குழாய் விற்றே வீடு கட்டியவன் நான். அன்றைக்கு உன்னிடம் உண்மையைச் சொல்லாமல் குடோன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தொட்டால் உள்ளே கட்டிபோல் தட்டுப்பட்டது. புற்றுநோய் என்றே முடிவு கட்டியிருந்தேன். கடைத்தெருவில் ஒருவன் எண்ணெய் கொடுத்து, தடவினால் நிமிர்ந்துவிடும் என்றான். ஊருக்கே பேசி விற்கிற என்னிடமே விற்றுவிட்டான், கெட்டிக்காரன்.

இனிமேல் அங்கேயே இருந்துவிடப் போவதாக மகளிடம் சொன்னாயாம். அதைக் கேட்ட பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன்.

மருத்துவர் சின்ன வயசுக்காரர். விஷயத்தைச் சொன்னதும் என் உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். “கைரேகை பார்க்கவா டாக்டர் இவ்வளவு படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மோதிர விரலுக்குக் கீழே இருக்கும் முடிச்சை அழுத்தினார். சுமை தூக்கித் தூக்கி மடங்கிய விரல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அதுதான். கையில் இப்படித் தடித்துப்போகிற சிலருக்கு அங்கேயும் தடிக்குமாம்.

அப்புறம் ஓர் ஊசி போட்டு எழும்ப வைத்து, ஸ்கேனில் காட்டினார். இத்தனை காலம் என்னோடு இருந்த உறுப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய், அவற்றைச் சுற்றி ஓர் உறை. அந்த உறையில் வெள்ளையாக ஒரு தழும்பு. சேரும்போது எப்போதோ லேசாக மடங்கி, நமக்கே தெரியாமல் உள்ளே கிழிந்திருக்கலாம், ஆறும்போது உடம்பு கொஞ்சம் அதிகமாகவே தழும்பு கட்டிவிட்டது என்றார். “டியூப்ல ஒட்டுப் போட்ட மாதிரியா? காத்தடிச்சா ஒட்டு இருக்கிற பக்கம் விரியாது, டியூப் அந்தப் பக்கமா வளையும்” என்றேன். “அதேதாங்க ஐயா” என்றார். எத்தனையோ கம்பெனிச் சரக்கைப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சுருங்கி விரிந்து, கிழிந்தால் யாரும் சொல்லாமல் தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளும் சரக்கைப் பார்த்ததில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

சிறு வயசுக் கைப்பழக்கத்தால் வந்ததோ என்றும் கேட்டேன். “அப்படின்னா ஊர்ல ஒருத்தனும் நேரா இருக்க மாட்டான்” என்றார். புற்றுநோய் இல்லை. உனக்குத் தொற்றுகிற நோயும் இல்லை. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதுவும் இதற்குத் துணை போகுமாம்.

கேட்ட பணத்தைத் தருகிறேன், இன்றைக்கே அறுத்துச் சரிசெய்யுங்கள் என்றேன். “மாட்டேன். இன்னும் வளைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, முதல்ல அது நிக்கட்டும்” என்றார். பணத்தோடு வந்து நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்பும் மனுஷனை இந்த வயசில்தான் பார்க்கிறேன். வலி நின்று, வளைவும் மாறாமல் சில மாதம் இருந்தால், தழும்பை இளக்க அதிலேயே ஊசி போடலாமாம். அறுவை என்றால், எதிர்ப்பக்கம் தையல் போட்டு நிமிர்த்தலாம், நீளம் சற்றுக் குறையும். வளைவு பெரிதென்றால் தழும்பை வெட்டி வேறு திசு வைத்து ஒட்டலாம், ஆனால் விறைப்பு குறையும் ஆபத்து உண்டு. விறைப்பே இல்லாதவர்களுக்கு உள்ளே கருவி பொருத்துவார்களாம். வலி போய், சேரவும் முடிந்தால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். மாத்திரையால் நிமிராது என்பதையும் ஒளிக்கவில்லை.

கடைசியில், “வீட்டம்மா என்ன சொல்றாங்க?” என்றார். “அவளுக்கு இன்னும் தெரியாது டாக்டர்” என்றேன். “அவங்களுக்கும் சேர்த்துத்தானே வைத்தியம்” என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது எனக்குத் தோன்றவில்லை பார்.

மகளுக்கும் பேரக் குழந்தைக்கும் என் ஆசி. உனக்கு நான் என்ன ஆசி சொல்வது? டாக்டரோடு பேசி முடித்த நிபந்தனையை மட்டும் எழுதுகிறேன். இப்போதைக்குக் கத்தி கிடையாது. எண்ணெய் குப்பைக்குப் போக வேண்டும். வலி மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, தினமும் உறுப்பை இழுத்துப் பிடிக்கும் கருவி ஒன்று. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அன்றைக்கு அவர் முன்னால் நாம் இரண்டு பேரும் உட்கார வேண்டும். உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்