என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

காலை வகுப்புகள் இரண்டையும் பதினொரு மணிக்கு மேல் தள்ளி வைத்துவிட்டேன். "ஆபீஸ் போற நேரத்துல ரோடு ஒரே நெரிசலா இருக்கு சார், புதுசா கத்துக்கிறவங்க மிரளுறாங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். பதினேழு வருடமாக அதே நெரிசலில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டவணையை மாற்றினார். பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க என்னை விட்டால் அவருக்கும் வேறு ஆள் இல்லை.

இன்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட உணவறையில் தட்டு கழுவுகிறாள். கியர் மாற்றும்போதெல்லாம் "ஐயோம்மா" என்கிறாள். அதையே பெயராக வைத்துவிட்டேன். நான் வைக்கும் பெயர்தான் எங்கள் பயிற்சிப் பள்ளியில் நிலைக்கும். போன மாதம் தேர்வில் பாஸானவள் பெயர் ஹாரன்.

ஐயோம்மாவின் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் அம்மாள் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். லைசென்ஸ் இருந்தால் அந்த வேலை இவளுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்களாம். "சோப்புத் தண்ணியில கை வெந்தே போச்சுக்கா. உக்காந்து செய்யற வேலை ஒண்ணு கெடைச்சா போதும்" என்று கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

முதல் நாள் எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். "பயப்படாதே. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நீ எதை மறந்தாலும் நான் அழுத்திடுவேன்."

மார்ச் 7, வெள்ளி

கடைக்காரன் இன்று நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டிலை எடுத்து வைத்து, "வழக்கமானதுதானே மேடம்?" என்றான். இனி அந்தக் கடைக்குப் போவதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது.

மார்ச் 12, புதன்

மகள் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். "எதுக்குடி பெட்டி?" என்றேன். அப்படியே நின்றுவிட்டாள்.

"நேத்து சொன்னேனேம்மா. வெளியூர்ல வேலை ட்ரெய்னிங்குக்கு செலக்ட் ஆயிட்டேன்னு. நீ கட்டிப்பிடிச்சு அழுதியே."

ஒன்றும் நினைவில்லை. அவள் சொன்னதும் இல்லை, நான் அழுததும் இல்லை. "தெரியும்டி, இவ்வளவு பெரிய பெட்டி எதுக்குன்னு கேட்டேன்" என்று சமாளித்தேன். அவள் நம்பியதாகத்தான் தலையாட்டினாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வேலைக் களைப்பில் மறந்திருப்பேன். நாற்பத்தாறு வயதில் மறதி வராதா என்ன?

மார்ச் 15, சனி

அக்கா போனில், "நீ ரொம்பக் குடிக்கிறியோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மகள்தான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

குடிகாரர் என்றால் எங்கள் சித்தப்பா. சாக்கடையில் விழுந்து கிடப்பார், தூக்க நாலு பேர் வேண்டும். நான் எங்கே விழுந்தேன்? ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டிருப்பேனா? வாடகை நின்றதா? என் வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டுப் போன ஆறு வருடத்தில் இந்த வீடு என் ஒருத்தி சம்பாத்தியத்தில் ஓடுகிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கொஞ்சம் குடிக்கிறேன். அதற்கு ஆளாளுக்கு விசாரணையா?

காலை பத்து மணிக்கு ஃப்ளாஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரண்டு மூடி வேறு கணக்கு. அது குடிப்பதற்கு இல்லை. கை நடுங்காமல் இருப்பதற்கு. வோட்காவில் வாசனை கிடையாது, மேலே ஒரு புதினா மிட்டாய் போட்டுக்கொண்டால் முடிந்தது.

எழுதிய பிறகு படித்துப் பார்க்கிறேன். மருந்து மாதிரி எழுதியிருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதியம் பன்னிரண்டு இருக்கும். தபால் நிலையத்து முனையில் ஒரு பெரியவர் கைத்தடியோடு சாலையைக் கடக்க இறங்கினார். "மெதுவா... பிரேக்" என்றேன். ஐயோம்மா கால் மாறி ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். வாரத்துக்கு ஒருத்தியாவது செய்வாள். அதற்குத்தானே என் பக்கத்தில் இன்னொரு பிரேக் வைத்திருக்கிறார்கள்! பதினேழு வருடமாக, வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கால் அழுத்திவிடும்.

இன்றைக்குக் கால் வரவில்லை. பார்த்தேன், தெரிந்தது, அழுத்து என்று நினைத்தேன் — கால் அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம்? ஒரு நொடியா, ஒன்றரையா? வண்டி நடைபாதையில் ஏறிக் குப்பைத் தொட்டியில் மோதிய பிறகுதான் என் கால் பிரேக்குக்குப் போனது. பெரியவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை தூரம். கைத்தடி சக்கரத்துக்கு அடியில்.

"கொன்னுட்டேனாக்கா? கொன்னுட்டேனாக்கா?" என்று ஐயோம்மா ஸ்டியரிங்கை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து மிதிக்க மாட்டியா?" என்றேன். கடவுளே! அதைத்தான் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

முதலாளி நசுங்கிய பம்பரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நீங்க பக்கத்துல இருந்துமா?" என்றார்.

"ஒரேயடியா மிதிச்சுட்டா சார். நான் அழுத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." வாய் கூசாமல் சொன்னேன்.

ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை உண்டு. வகுப்பு முடிந்ததும் அன்றைய தவறுகளைச் சிவப்பு மையில் குறிப்பேன். ஐயோம்மாவின் அட்டையில் இன்று எழுதியது: 'பதற்றம் அதிகம். பிரேக், ஆக்ஸிலேட்டர் குழப்பம். வாகனம் ஓட்ட ஏற்றவர் இல்லை.'

சாயங்காலம் அவளே போன் பண்ணினாள். "எனக்கு வேணாம்க்கா. நாளைக்குப் புள்ளைங்கள ஏத்திட்டு இப்படி ஒண்ணு நடந்தா? நமக்கு லாயக்கில்லாத வேலை. தட்டே கழுவிக்கிறேன்."

"சரி, நல்லா யோசிச்சுக்கோ" என்றேன். போனை வைத்ததும் நிம்மதியாக இருந்தது.

மார்ச் 22, சனி

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் அவ மேல தப்பில்ல அவ மேல தப்பில்ல

மார்ச் 23, ஞாயிறு

மேலே இருக்கும் வரியை நான் எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. என் கையெழுத்துதான். கோட்டை விட்டு இறங்கி அடுத்த பக்கத்தின் ஓரம் வரை போயிருக்கிறது. மறதிக்கும் ஓர் அளவு உண்டு. இது மறதி இல்லை.

மகள் கடைக்குப் போயிருந்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன், யாரோ ஒரு மாணவியின் அட்டையைப் பார்ப்பதுபோல. காலை வகுப்பைத் தள்ளியது: கை நடுங்குவது தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு கோடு. கடையை மாற்றியது. ஒரு கோடு. பெட்டி. அக்கா பேசும்போதே போனை வைத்தது. சித்தப்பாவைக் காட்டித் தப்பித்தது. ஃப்ளாஸ்க். பொய்க் காரணம், அதற்கு மேல் ஒரு பொய். 'கொஞ்சம்' என்று எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் எவ்வளவு என்று உண்மையை ஓரத்தில் குறித்தேன். இரண்டு நாளுக்கு ஒரு பாட்டில். போன வருடம் இதே மாதத்தில் அது ஒரு வாரத்துக்கு வந்தது.

பக்கமெல்லாம் சிவப்பு. இப்படி ஓர் அட்டையோடு ஒருத்தி வந்து நின்றால் சாவியைக் கொடுப்பேனா? வண்டிப் பக்கமே வராதே என்று துரத்தியிருப்பேன். நானோ தினமும் ஐந்து பேரை உட்கார வைத்து, என் காலை நம்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா விழுந்தபோது அவர் மட்டும்தான் விழுந்தார்.

மார்ச் 24, திங்கள்

லீவு சொல்லிவிட்டேன். மீதமிருந்ததைக் கழுவுத்தொட்டியில் ஊற்றினேன். இனி ஒரு சொட்டு கிடையாது. நானே பார்த்துக்கொள்கிறேன், யார் தயவும் வேண்டாம்.

மார்ச் 26, புதன்

நேற்று முழுக்க வியர்வை. இன்று கை மட்டும் இல்லை, தாடையே நடுங்குகிறது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று மகளைக் கூப்பிட்டேன். "எறும்பே இல்லம்மா" என்றாள். பேனா பிடிக்க மு

ஏப்ரல் 8, செவ்வாய்

அன்று மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பதிமூன்று நாள் படுக்கை, இன்று வீடு.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "இத்தனை வருஷம் குடிச்சுட்டு தனியா, திடீர்னு நிறுத்தக்கூடாதும்மா. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. எங்ககிட்ட வந்துதான் நிறுத்தணும்" என்றார். அதிலும் எனக்கு ஒரு வீம்பு இருந்திருக்கிறது பார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டபோது, படுத்த படுக்கையிலும் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். மகள் தரையைப் பார்த்தபடி, "அதை ரெண்டு மடங்கா எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள்.

பிறகு கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று. "காலையில துணிப் பையில காலி பாட்டிலுங்கள எடுத்துட்டு அடுத்த தெரு குப்பைத் தொட்டிக்குப் போவியே, மாடிப்படி இறங்கறப்ப ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்மா. படுக்கையில இருந்தே எண்ணுவேன்."

இரண்டு வருடமாக எண்ணியிருக்கிறாள். நான் ஒளித்து வைத்ததாக நினைத்த அத்தனையையும் அவள் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள். பயிற்சிக்குப் போவதையும் தள்ளிப்போட்டுவிட்டாள். அழுதேன். இந்தத் தடவை அழுதது நினைவிருக்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ளாஸ்க்கையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. "என் பொண்ணு உங்ககிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டா" என்றார். சாவியை மேஜையில் வைத்தேன். இனி அந்த வண்டியில் நான் ஏற முடியாது, நியாயம்தான்.

ஐயோம்மாவின் அட்டையை மட்டும் கேட்டு வாங்கினேன். நான் எழுதியதைச் சிவப்பு மையிலேயே அடித்துவிட்டு, 'விபத்துக்குக் காரணம் பயிற்சியாளர். குடித்திருந்தார். மாணவி ஓட்டத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீதி வகுப்புகளைத் தானே எடுப்பதாக முதலாளி ஒப்புக்கொண்டார். அவள் வந்தால்.

ஏப்ரல் 17, வியாழன்

பள்ளிக்கூட உணவறையின் பின்பக்கம் போனேன். ஆவிக்கு நடுவில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பம்பர் செலவுக்குங்களாக்கா?" என்றாள். அதைக் கேட்டதும் போகும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று.

"அன்னிக்கு உன் மேல தப்பு இல்ல. நீ மிதிச்சது எல்லாரும் பண்றது. நான் அழுத்தியிருக்கணும். அழுத்தல. குடிச்சிருந்தேன்."

குழாயை மூடினாள். அட்டையை நீட்டினேன். ஈரக் கையைத் துடைக்காமலேயே வாங்கிப் படித்தாள்.

"ஒரு மாசமாக் கண்ண மூடினா அந்தப் பெரியவர்தான் வந்து நிக்கிறாரு" என்றாள். "ரோட்டத் தாண்டவே பயமா இருக்குது. பஸ்ல முன்னாடி சீட்ல உக்கார மாட்டேங்கிறேன். நான் ஒரு கொலகாரின்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்க தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என் காலடியில ஒரு பிரேக் இருக்குன்னு சொன்னீங்களே!"

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிக்கவில்லை. "போங்கக்கா, இப்பப் போங்க" என்று குழாயைத் திறந்துவிட்டாள். ஆனால் அட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை, நனையாத இடமாகப் பார்த்து அலமாரியின் மேல் வைத்தாள்.

ஏப்ரல் 30, புதன்

முதலாளி போன் பண்ணினார். அவள் வந்துவிட்டாளாம். கிளட்ச்சில் கால் வைக்கும் முன் அரை மணி நேரம் அழுதாளாம்.

ஜூன் 9, திங்கள்

குடித்தேன். மகள் பயிற்சிக்குக் கிளம்பிப் போன வீட்டில் இருக்க முடியவில்லை. சனி, ஞாயிறு, இரண்டு நாள். இன்று நானே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், பிறகு டாக்டரிடம் போனேன். எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். இரண்டால் பெருக்க வேண்டியதில்லை.

ஜூலை 3, வியாழன்

குடியை விட முயல்கிறவர்களின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருபது பேர் இருந்தோம். ஒரு தச்சர், ஒரு வக்கீல், ஒரு கல்லூரிப் பையனின் அப்பா. தச்சர், "நான் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மருந்துக் கடையில் பில் போடும் வேலை பழகிவிட்டது. ஐந்து மணிக்கு முடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகப் பேருந்துக்காக நின்றிருந்தேன். பள்ளிக்கூட வேன் ஒன்று ஓரம் கட்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. ஐயோம்மா.

ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். சிரிக்கவில்லை. "புள்ளைங்கள எறக்கிட்டேன். ஏறுங்க, அந்தப் பக்கம்தான் போறேன்" என்றாள். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே இல்லை. முதலாளி சொல்லியிருப்பார்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒரு 'ஐயோம்மா' கூட இல்லை. அவள் கை இன்னும் முழுதாக ஆறவில்லை, ஆனால் தோல் உரியவில்லை. குடிக்காமல் இன்றைக்கு அறுபத்தேழாவது நாள் என்று சொன்னேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள்.

தபால் நிலையத்து முனை வந்தது. ஓர் அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று இறங்கினார். என் வலது கால் தானாகப் பாய்ந்து அழுத்தியது. அந்த நொடியே, கொஞ்சமும் தாமதமில்லாமல். காலடியில் ரப்பர் விரிப்பு மட்டும்தான் இருந்தது.

வேன் அதற்கு முன்பே நின்றிருந்தது. அந்த அம்மாள் கையை உயர்த்திவிட்டுக் கடந்து போனார்.

ஐயோம்மா என் காலைப் பார்த்தாள். "உங்க பக்கம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "நான் பாத்துக்கிறேன்."

காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டேன்.