மில் ஓடாத திங்கட்கிழமை

ஜூன் 2, திங்கள்

"பாஸ் இல்லையோ?"

காலையிலிருந்து ஆறு பேர். சோல்டரிங் அயன் என் கையில், முன்னால் திறந்து கிடக்கும் இன்வேட்டர், கேள்வி என் தலைக்கு மேலால் போகிறது. நான் பார்க்கிறேன் என்றால், பரவாயில்லை தங்கச்சி, பிறகு வாறம் என்கிறார்கள். மாங்குளம் சந்திக் கடையில் மூன்று வருடம் இருந்துவிட்டேன். என் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் கேட்கிறார்கள்.

ஆறாவது ஆள் போகவில்லை. பெயர் ஸ்ரீபன், முல்லைத்தீவுக் கரை. கடலுக்குப் போகிறவர், மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவர். கிற்றார் சத்தத்தைப் பெருக்க, பிரான்ஸிலிருந்து மாமா அனுப்பிய கண்ணாடிக் குமிழ் வால்வு வைத்த அம்ப் ஒன்றை ஓட்டோவில் கொண்டு வந்திருந்தார். வியாகுலமாதா படத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். பாஸ் வரும்வரை இருக்கிறன் என்று கதிரையில் இருந்துவிட்டார்.

கடை முதலாளி ஜனார்த்தனன் அண்ணை வந்தார். பின்பக்கத்தால் எட்டிப் பார்த்தார். "பழைய சாமான் தம்பி, பாத்துச் செய்யவேணும்" என்றார். ஸ்ரீபன் போனதும் அம்பைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

அவர் வாழ்க்கையில் வால்வைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. ஆனால் நான் வாசித்திருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

எரிந்த பியூஸைச் சுற்றிச் செப்புக்கம்பி! யாரோ புத்திசாலி. உள்ளே இருக்கும் ரான்ஸ்போமர் எரிந்தால் இந்த நாட்டில் எங்கே போய் வாங்குவது? கம்பியை வெட்டி எறிந்து சரியான பியூஸ் போட்டேன்.

வலது பக்க வால்வு சிவந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். சிவப்பு வலது பக்கத்திலேயே நின்றது. அப்போ வால்வில் பிழையில்லை, அந்த இடத்துக்கு வரும் வழியில் பிழை. ஒரு சின்னக் கப்பாசிற்றர் கசிகிறது. பயற்றங்கொட்டை அளவு.

நானூறு வோல்ற்றுக்குள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அளக்க வேண்டும். இப்படிக் கவனமாக நான் எதையும் செய்ததில்லை. சந்தோசமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

கப்பாசிற்றர் மாற்றியாயிற்று. பின்னேரம் பயஸ் வைத்தேன். வால்வு சும்மா இருக்கும்போது அதற்குள் எவ்வளவு கறண்ட் ஓட வேண்டும் என்று ஒரு சின்னத் திருகியால் தீர்மானிப்பது. குறைந்தால் சத்தம் வறண்டு போகும். கூடினால் உள்ளே தகடு சிவந்து வால்வு செத்துப்போகும். முன்னூற்றுத் தொண்ணூறு வோல்ற்றில் ஐம்பத்துநாலு மில்லி அம்பியர். பெருக்கினால் இருபத்தொரு வாட். தாங்கக்கூடியது முப்பது. நல்ல இடைவெளி.

திருகி அசையாமல் இருக்க நகத்துக்குப் பூசுகிற சிவப்பு கியூரெக்ஸில் ஒரு பொட்டு வைத்தேன். யாராவது திருப்பினால் பொட்டு வெடிக்கும்.

பக்கத்து அரிசி மில் இரைச்சலில், ஸ்ரீபன் அம்போடு விட்டுப்போன கிற்றாரின் சத்தமே கேட்கவில்லை. அது நின்ற பிறகுதான் வாசித்துப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரிந்த சுரக்கூட்டு, கோட் என்பது, இரண்டே இரண்டு. போதும்.

ஜூன் 5, வியாழன்

"மூண்டு நாளா குனிஞ்ச தலை நிமிரேல்லைத் தம்பி." சொன்னது ஜனார்த்தனன் அண்ணை, தன்னைப் பற்றித்தான்.

நான் பக்கத்தில் நின்றேன். ஸ்ரீபன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அண்ணை ஸ்குறூ டிறைவரை எடுத்துக்கொண்டு அம்புக்குப் பின்னால் குனிந்து, இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்கட்டோ என்று ஏதோ செய்தார். என்னைப் பார்த்து, பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்து என்றார்.

ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்?

ஜூன் 7, சனி

மாதா கோயில் பெருநாளுக்கு முந்திய நவநாள் வழிபாட்டின் முதல் நாள். இரண்டாவது பாட்டில் அம்ப் நாறி, இரண்டு வால்வும் அடுப்புக் கம்பிபோல் சிவந்து, பியூஸ் போய்விட்டது. ஸ்ரீபன் போனில் கத்தியது முன் கவுண்டர் வரை கேட்டது.

அண்ணை சொன்னார்: "அது எங்கட பிள்ளை பாத்தது தம்பி. நான் அப்பவே நினைச்சனான்."

நாற்பத்தெட்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை! வியாழன் அவருடைய வேலை, சனி என்னுடைய வேலை.

ஜூன் 8, ஞாயிறு

அம்ப் திரும்பி வந்துவிட்டது. ஸ்ரீபன் என்னோடு கதைக்கவில்லை. சாமியாருக்கும் முழுச் சனத்துக்கும் முன்னால் வெட்கப்பட்டது தான்தான் என்று அண்ணையிடம் சொன்னார். வருகிற ஞாயிறு பெருநாள்.

அவர் போனதும் அண்ணையின் தீர்ப்பு. இந்த வேலை பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிவராது. செவ்வாயிலிருந்து நான் முன் கவுண்டரில் போன்களுக்குக் காசு ரீலோட் போட்டு, போன் கவர் விற்க வேண்டும். என் மேசைக்கு வேறு ஆள் பார்க்கிறாராம்.

மூன்று வருடத்தில் நான் திருத்தியவற்றை அவர் எண்ணியிருக்கிறாரா? வியாழக்கிழமை ஸ்குறூ டிறைவரோடு குனிந்தது யார்? என் திருகியை அவர்தான் திருப்பினார். நிச்சயம். பொட்டு வெடித்திருக்கும். படம் எடுத்து அவர் மூஞ்சிக்கு முன்னால் பிடிப்பேன்.

நாளைக்குக் கடை பூட்டு. கதவுத் திறப்பு ஒன்று என் கைப்பையில் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். பஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான். அண்ணை குடும்பத்தோடு போய்விட்டார், மில்காரரும் போய்விட்டார். சந்தியில் நாய்கள் நடுறோட்டில் படுத்திருந்தன.

கடையைத் திறந்தேன். அம்பைத் திறந்தேன். ரோச் லைற் அடித்துப் பார்த்தேன்.

பொட்டு வெடிக்கவில்லை.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருக்கிறது. அண்ணை ஸ்குறூ டிறைவரைச் சும்மா காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அவரால் திருகி எது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நான் கட்டி வைத்த குற்றச்சாட்டு முழுவதும் அந்த ஒரு பொட்டில் நின்றது.

புதுப் பியூஸ் போட்டு அளந்தேன். ஐம்பத்துநாலு இல்லை. அறுபத்தைந்து. ஒருவரும் தொடவில்லை, எப்படிக் கூடும்? திரும்ப அளந்தேன். அதே அறுபத்தைந்து.

பிறகுதான் அமைதி காதில் விழுந்தது. மில் ஓடவில்லை.

மீற்றரைச் சுவர் பிளக்கில் குத்தினேன். இருநூற்று முப்பத்திரண்டு. மில் ஓடும் பின்னேரங்களில் இங்கே லைற் மங்கும், சீலிங் பான் களைத்துச் சுற்றும். இருநூறை ஒட்டித்தான் வரும் என்று மூன்று வருடமாகத் தெரியும். ரி.வி, சார்ஜர், இன்வேட்டர் எல்லாம் உள்ளுக்குள் தாங்களே சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் சுவரைப் பார்க்கிற பழக்கமே எனக்கு இல்லை. வால்வு சரிக்கட்டாது. வருவதை அப்படியே வாங்கும். நான் மெலிந்த கறண்டுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கரையில் நவநாளுக்கு ஓடுவது ஜெனரேற்றர். அது எவ்வளவு அடித்ததோ.

என்ரை பிழை.

பொய் சொல்லலாம். வால்வு பழுது என்றால் ஒருவருக்கும் தெரியாது. பொட்டைச் சுரண்டிவிட்டுப் படமும் எடுக்கலாம் — ஓம், அப்படியும் நினைத்தேன். எழுதாமல் விட்டால் நினைக்கவில்லை என்று ஆகிவிடாது.

வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா விசயத்தைப் பிடுங்கிவிட்டா. மலையகத்துப் பேச்சு மாறாத அவாவின் தீர்ப்பு: "தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு ஏன் சோத்தைத் திங்காம இருக்க?"

ஜூன் 10, செவ்வாய்

சொன்னேன். அண்ணை வாய் நிறையச் சிரித்தார். "அப்ப உன்ரை பிழைதானே?"

"ஓம், என்ரை பிழை. பொம்பிளை எண்டதால வந்த பிழையில்லை. மில்லைப் பாக்காத பிழை. நீங்களும் பாக்கேல்லை அண்ணை, பதினொரு வருசமா."

சிரிப்பு நின்றது. தொடர்ந்து, நானே கரைக்குப் போய் அந்த ஜெனரேற்றரில் வைத்தே பயஸ் வைக்கிறேன், பெருநாளிலும் பிழை வந்தால் ரீலோட் போடுகிறேன் என்றேன். போ என்று கையை மட்டும் அசைத்தார்.

இரண்டு விசயத்தை ஒன்றாக்கக் கூடாது. நான் பிழை விட்டேன். அவர் சொன்ன காரணம் பொய். முதலாவது உண்மை என்பதற்காக இரண்டாவது உண்மையாகிவிடாது. வாசித்த எந்த நாவலிலும் குற்றம் சாட்டப்பட்டவள் உண்மையாகவே பிழை விட்டிருக்கமாட்டாள். அவர்களுக்குச் சுகம்.

ஜூன் 12, வியாழன்

கரை. அம்பையும் கொண்டு போனேன்; உப்புக் காற்றில் மீற்றர் வயர்கூடப் பிசுபிசுத்தது.

ஸ்ரீபனின் முதல் கேள்வி: "பாஸ் வரேல்லையோ?"

வரவில்லை, பிழை விட்டது நான், திருத்த வந்ததும் நான் என்றேன். மில் கதையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவருடைய தங்கை யூலிற்றாதான் முதலில் சிரித்தாள். படகு எஞ்சின் நின்றால் அண்ணா மாதாவைத் தவிர எல்லாரிலும் பழி போடுவார், நீங்கள் உங்களிலேயே போடுகிறீர்கள் என்றாள்.

ஜெனரேற்றரில் மீற்றர் காட்டியது இருநூற்று ஐம்பத்தொன்று. அதை ஓட்டுகிற வின்சன், கடைசி மின்குமிழ் மங்குகிறது என்று வோல்ற்றைத் தானே ஏற்றி வைத்ததாகப் பெருமையாகச் சொன்னார். பந்தலிலிருந்து கடற்கரை வரை ஒரே வயர், மங்காமல் என்ன செய்யும்? கடைசி ஐந்து மின்குமிழையும் கழற்றச் சொன்னேன். முறைத்தார்.

"மாதாவுக்கு வெளிச்சம் வேணும் தங்கச்சி."

"பாட்டும் வேணும் அண்ணை."

இருநூற்று முப்பதுக்கு இறக்கினார். அங்கேயே, மணலில் சாக்கு விரித்து, பயஸ் வைத்தேன். இந்த முறை கொஞ்சம் தணித்தே வைத்தேன், கறண்ட் ஏறினாலும் தாங்கும். புதுப் பொட்டு. மூடிக்குள் ஒரு துண்டு ஒட்டினேன்: திகதி, 230, என் பெயர். பிழை வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியட்டும்.

என் பழைய மீற்றரை ஸ்ரீபனிடம் விட்டுவிட்டு வந்தேன். அம்பைப் போடுவதற்கு முதல் வோல்ற் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு வோல்ற்மீற்றர் பூட்டியிருக்கிறது. புதுசு. யார் பூட்டியது என்று கேட்டேன். அண்ணைக்குக் காது கேட்கவில்லை. பின்னேரம் ஒரு வாடிக்கையாளரிடம், நாங்கள் எப்பவும் இதைப் பாத்துத்தான் செய்யிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்பவும்!

மேசை மட்டும் இன்னும் என்னுடையது. கவுண்டர் பற்றிய கதை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பின்னேரம் கடைப் போன் அடித்தது. அண்ணை எடுத்தார். சொல்லுங்கோ தம்பி, நான்தான் என்றார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"உன்னைத்தானாம்."

ஸ்ரீபனின் குரலுக்குப் பின்னால் மணிச் சத்தம், சனத்தின் இரைச்சல். "தங்கச்சி, மீற்றர் இருநூற்று முப்பத்திரண்டு காட்டுது. போடட்டோ?"

"போடுங்கோ" என்றேன்.