கிளியூருக்கு வராத சிறுத்தை

இன்று காலை அந்தச் சிறுத்தை மறுபடியும் என் போனுக்கு வந்தது. அதே வீடியோ, அதே சோம்பல் நடை. இந்தத் தடவை வேறு ஏதோ மலையின் பெயரைப் போட்டிருந்தார்கள். அழித்துவிட்டு உட்கார்ந்தபோது உன் நினைவு வந்தது.

நாம் இருவரும் ஏற்காட்டில் வெவ்வேறு பத்திரிகைகளின் நிருபர்கள். ஆனால் வண்டி ஒன்றுதான், உன்னுடையது. கொட்டச்சேடு கிராமத்தில் ஒரு மரம் விழுந்தாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவோம். பிறகு என்னைச் சேலம் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஊரார் அனுப்பும் வீடியோக்களில் எது ஓடும் என்று பொறுக்கி, பத்திரிகையின் முகநூல் பக்கத்தில் போடும் வேலை. ஏசி அறை, நல்ல நாற்காலி. நீ சிரித்தாய். "உன் ஊடு தீப்பிடிச்சாக்கூட எவனாச்சும் வீடியோ அனுப்பட்டும்னு உக்காந்திருப்பப்பா."

காபிப் பழம் பறிக்கும் சமயத்தில்தான் 'கிளியூர் எஸ்டேட்டில் சிறுத்தை' என்று அந்த வீடியோ முதலில் வந்தது. மற்றவர்கள் போட்டுவிட்டார்கள், நான் பிந்திவிடக் கூடாதே என்று நானும் போட்டேன். கிளியூரில் மூன்று நாள் யாரும் பறிக்கப் போகவில்லை. அவர்களுக்கு அன்றன்றைக்குப் போனால்தான் கூலி.

நீதான் கூப்பிட்டாய். "பின்னால தெரியறது தேயிலைப்பா. கிளியூர்ல ஏது தேயிலை?"

மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். காபிச் செடி எது, தேயிலை எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீடியோவில் சிறுத்தையை மட்டும் பார்த்திருக்கிறேன், அதன் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கத்தை மறைக்க, "ஆயிரம் பேரு ஷேர் பண்ணியிருக்காங்க" என்றேன்.

நீ சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் கிளியூருக்குப் போய், பறிக்கிற பெண்களுக்கு முன்னால் நீயே எஸ்டேட்டுக்குள் நடந்திருக்கிறாய். அங்கிருந்தபடியே வாட்ஸாப்பில் எனக்கு நாலு வரிச் செய்தி அனுப்பினாய். சிறுத்தை வரவில்லை, வீடியோ வேறு ஊருடையது, வேலை தொடங்கிவிட்டது. கடைசி வரியில், நம்ப மறுத்த ஓர் அம்மா உன்னிடம் கேட்டதை அப்படியே எழுதியிருந்தாய்: "ஏனுங்க, பேப்பர்க்காரங்களே போட்டிருக்காங்க, பொய்யா போடுவாங்களுங்களா?"

நான் அதைப் போடவில்லை. சிறுத்தை வந்தால் பார்ப்பார்கள், வரவில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? வீடியோவை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். தப்பு நடந்தது என்று ஒரு வரி எழுதினால் என் நாற்காலி ஆடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை.

ஒரு மாதம் கழித்து, அடிவாரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போகும்வரைகூடத் தாங்கவில்லை.

இப்போது எதையும் போடுமுன் அந்த ஊரில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்கிறேன். தினமும் பிந்துகிறேன், திட்டும் வாங்குகிறேன். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். நீ அனுப்பிய அந்த நாலு வரியை நான் படித்துவிட்டேன் என்று இரண்டு நீல டிக் உன் போனில் விழுந்திருக்கும். அந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை சந்தித்து டீ குடித்தோம். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.