நாலு வகைப் பாய்

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். காத்து இரண்டு மணிக்கு மேல்தான்.

மானம் போச்சு. ஒரு வாரமா தாராவி கடையில் பை தைக்கிற மெஷினில் படகுப் பாயைப் போட்டு, கிழிசல் எல்லாம் அடைச்சு, நம்பர் துணியும் புதுசா வெட்டித் தைச்சேன். நம்பர் 47. இன்னிக்கு ஏத்திக் கட்டினதும் கரை முழுக்கச் சிரிப்பு. நாலும் ஏழும் கண்ணாடியில் தெரியிற மாதிரி திரும்பி நிக்குது. இருபத்தெட்டு வருஷம் பை தைச்ச கை. உள்பக்கத்தை வெளியே வெச்சுத் தைச்சு, முடிஞ்சதும் புரட்டிப் போடுவோம். பதினைஞ்சு அடிப் பாயை எங்கே போய்ப் புரட்ட?

ரமணி: "டேய் முருகேசா, ஜெயிச்சோம்னா ஜட்ஜுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்டா." மாட்டுங்கா முனிசிபல் பள்ளியில் ஏழாவது வரை என் பக்கத்து பெஞ்ச். இப்போ ரயில்வே ஆபீஸ். எனக்குப் பத்தாவதோட நின்னுது, அதுவும் மேத்ஸ் தயவில்.

காதர் பாய்: "விடுங்க. எதிர்ல வர்றவன் நாம பின்னால போறோம்னு நினைச்சு ஏமாறட்டும்." இவருக்குச் செம்பூரில் ஃபைபர் ஒர்க்ஷாப். படகு ஓட்டை, விரிசல் எல்லாம் அவர் கை.

மூணு பேரும் சேர்ந்து வாங்கின பழைய படகு. பேர் லில்லி, பழைய ஓனர் வெச்சது. யார் அந்த லில்லின்னு வீட்டில் முதல் வாரம் முழுக்க விசாரணை.

ஆக வேண்டியது:
நம்பர் பிரிச்சுத் தை.
அடியில் ஒட்டின சிப்பி சுரண்டணும். தகடு கா. பாய் கொண்டு வரார்.
சுக்கான் கட்டை ஆடுது. ஆப்பு.
செல்வி காலேஜ் ஃபார்ம், கையெழுத்து. மறக்காதே.

மே 18 கடைசி ரேஸ். அப்புறம் மழைக்கு முன்னால் எல்லாப் படகும் கரையேறிடும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நல்ல காத்து. நாளைக்கு வருஷப் பிறப்பு, வீட்டுக்காரி வேப்பம்பூ கேட்டாள், மறந்தேன். திட்டு.

பிராக்டிஸ். ரமணி ஒரு சுத்து, நான் இரண்டு சுத்து சுக்கான் பிடிச்சோம். ரமணிக்குப் புத்தகத்தில் இருக்கிறது எல்லாம் மனப்பாடம், கைதான் கட்டை மாதிரி. எனக்குப் புத்தகம் கிடையாது. துணி இழுக்கிற இழுப்பில் மெஷினை ஓட்டின பழக்கம், அவ்வளவுதான்.

செல்வி வந்திருந்தாள். மதில் மேல் உட்கார்ந்து பார்த்துட்டுச் சொன்னாள்: "பப்பா, ரமணி அங்கிள் ஓட்டறப்ப போட் பியக்கட் மாதிரி போகுது. நீ ஓட்டறப்ப சீதா போகுது." அவன் ஓட்டினா குடிகாரன் நடை, நான் ஓட்டினா நேர்னு சொல்றாள். ரமணி காதில் விழலை.

இந்த ஒரு வாக்கியத்தை வெச்சே வீடு வரை வந்துட்டேன். சயானில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வெயில் கொளுத்துது. எனக்கும்.

படகு கிளப்புக்கு எப்பவும் பின்கேட் வழியாத்தான் போவேன். மார்ச்சில் ரமணி காட்டின வழி. "படகுக்குக் கிட்ட இதுதான்டா." எவ்வளவு கரிசனம்னு நினைச்சேன். இன்னிக்கு அங்கே சாக்கடைத் தோண்டல். முன்கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் ரெஜிஸ்டரைப் புரட்டிட்டு, "போட் பாய் லோக் பீச்சே ஸே." போட் பாய் எல்லாம் பின்னாலயாம்.

நான் போட் பாய் இல்லப்பா, போட்டே என்னதுன்னேன். ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினான்.

ரமணி: மெம்பர்.
காதர்: கெஸ்ட்.
முருகேசன்: போட் பாய்.

ரமணி கையெழுத்து. ஏழாவதில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் காப்பி அடிச்சேன், தப்பே வராது.

கூலிக்குப் படகு கழுவ, கயிறு இழுக்க வர்றவங்களுக்கு கிளப்பில் அந்தப் பேர். மான்குர்த்திலிருந்து பாண்டுரங்னு ஒருத்தர் வரார். அறுபத்திரண்டு வயசு, மூணு பேரன். அவரும் பாய். முதலில் என்னை அவங்களோட சேர்த்துட்டான்னு கோபம். கொஞ்ச நேரம் கழிச்சு, பேரன் எடுத்தவரைப் பையன்னு கூப்பிட இந்த கிளப் யாருன்னு அதுக்கும் கோபம். பாண்டுரங் என்னை விட நல்லா ஓட்டுவார்.

ட்ரெயினில் ரமணியைப் பிடிச்சேன்.

"ஒரு மெம்பருக்கு ஒரு கெஸ்ட்தான்டா. மூணாவது ஆள் ஏறணும்னா அந்தக் கட்டம் ஒண்ணுதான் பாக்கி. உன்னைப் படகுல ஏத்தத்தானே எழுதினேன்?"

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா வந்திருப்பியோ?"

"அப்போ காதர் பாயை ஏன் எழுதல?"

"அவர்ட்ட போய் எப்படிடா... நீ நம்மாளு."

நம்மாளுன்னா பின்கேட். இத்தனை வருஷத்தில் இன்னிக்குத்தான் அர்த்தம் தெரிஞ்சுது.

பாய் வகை: படுக்கிற பாய். காத்துக்கு விரிக்கிற பாய். காதர் பாய். போட் பாய். தமிழில் எழுதினால் நாலும் ஒண்ணு. செல்விக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும், அதனால் இந்த நோட்டு பத்திரம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போகலை. கடையில் உட்கார்ந்து நம்பரைப் பிரிச்சுத் தைச்சேன். போகாதவன் ஏன் தைக்கணும்? தெரியலை. தைச்சேன். மூணு தடவை வெளிப்பக்கம் பார்த்து, இரண்டு பக்கமும் சாக்பீஸில் "இது வெளியே"ன்னு எழுதிட்டேன். ஒண்ணு பொய்.

"பப்பா, போகலியா? தபியத் டீக் நஹி?" உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னேன். பிடிக்கலைன்னு சொல்ல வாய் வரலை. ரேஸுக்கு மூணு சிநேகிதிகளைக் கூட்டிட்டு வரப்போறாளாம்.

நாலு மணிக்கு ஸ்கூட்டரில் காதர் பாய். டீ.

"முருகேசு, ஆபீஸ்ல போய்க் கேட்டேன். முருகேசை கெஸ்ட்டாக்கிட்டு என் பேருக்கு நேரா பாய்னு எழுதிக்கிடுங்க, பொறந்ததுலேர்ந்தே நான் பாய்தானேன்னேன். கிளார்க் சிரிக்கல. சீசன் லிஸ்ட் மூடியாச்சாம்."

சிரிச்சுட்டேன். சிரிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

ரூல் பேப்பரும் கொண்டு வந்தார். ஒரு வரி சிவப்பில்: ரேஸில் போட் பாய் சுக்கானைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தப் படகு கணக்கில் இல்லை. பாயைத் தைக்கலாம், கழுவலாம், மடிக்கலாம். சுக்கானைப் பிடிக்கத்தான் கூடாது.

மே 4, ஞாயிறு

போனேன். பின்கேட். சிப்பி சுரண்டினேன். ரமணியோட பேச்சு இல்லை, "தகடு", "தண்ணி", இவ்வளவுதான்.

கிளம்பும்போது அவனே வந்தான். "கப்பு வந்துதுன்னா மேடைக்கு உன்னையும் கூப்டறேன். மூணு பேரும் நிப்போம். சத்தியமா."

சரின்னேன். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். செல்வி பார்க்கிற மாதிரி ஒரு தடவை முன்பக்கம் நிக்கணும்.

மே 11, ஞாயிறு

காத்தே இல்லை. மூணு பேரும் நடுக்கடலில் சும்மா. காதர் பாய் தூங்கிட்டார். ரமணி, மூக்குக் கண்ணாடியைக் கட்டுற கயிறு வாங்கணும்னான். வாங்குன்னேன்.

மே 18, ஞாயிறு

காத்து பலம். மேகம் இறங்கிடுச்சு.

பதினோரு படகு. நமக்கு மூணாவது இடம். கப்பு செல்வி மேசை மேல், அவளோட ஹேர் க்ளிப் எல்லாம் இப்பவே அதுக்குள்ளே.

நடந்ததை வரிசையா எழுதிடறேன்.

இரண்டாவது மிதவையில் திரும்பறோம். ரமணி சுக்கான், காதர் பாய் பெரிய பாய்க் கயிறு, நான் முன்னால் சின்னப் பாய். எதிர்பாராமல் ஒரு காத்து. பாய்க் கட்டை வீசி வந்து ரமணி நெத்தியில். மூக்குக் கண்ணாடி கடலில் (கயிறு வாங்கலை). ஆள் படகுக்குள்ளே குப்புற. சுக்கான் தனியா ஆடுது, பக்கத்துப் படகு நாலு அடியில். தவழ்ந்து போய்ப் பிடிச்சேன். ரூல் ஞாபகம் வரலை. மிதவையைச் சுத்தி, படகை நேர் பண்ணி, அவனை உட்கார வெச்சு, சுக்கான் கட்டையை அவன் கையில் திருப்பிக் குடுத்தேன். அதுக்கு அப்புறம், "இடது, இன்னும் இடது"ன்னு நான் சொல்லச் சொல்ல கண் தெரியாமல் ஓட்டினான். என் தையல் ஒண்ணு விடலை.

மேடை. வாக்கைக் காப்பாத்தினான், கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். மைக்காரர் லிஸ்டைப் பார்த்துப் படிச்சார்: ரமணி, அவருடைய கெஸ்ட், "ஔர் உன்கா போட் பாய்." அவரோட போட் பாயாம். செல்வி விசில் அடிச்சாள்.

ட்ரெயினில் கேட்டாள்: "பப்பா, போட் பாய்னா என்ன போஸ்ட்?"

"தமிழ்ல பாய்னா இந்தக் காத்துக்கு விரிக்கிறது. படகுல அதைப் பார்த்துக்கிடுற ஆளு."

"அச்சா. தமிழ் வார்த்தையா?"

ஆமான்னேன். எதிர் சீட்டில் காதர் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். ரமணி நெத்தி வீக்கத்தைத் தடவிக்கிட்டே தாதர் வரைக்கும் வந்தான்.

மேடைக்கு முன்னால் நடந்ததை விட்டுட்டேன். நாலாவது வந்த படகுக்காரன் புகார். இரண்டாவது மிதவையில் 47-இல் சுக்கான் கை மாறின மாதிரி இருந்ததாம். ஜட்ஜ் நோட்டோட இறங்கு துறைக்கே வந்தார். மெம்பரைக் கேட்டார். ரமணி கண்ணைச் சுருக்கி என் பக்கம் பார்த்தான், என்ன தெரிஞ்சுதோ, "நான்தான், முழுக்க"ன்னான். கெஸ்ட்டைக் கேட்டார். "கண்ணு முழுக்க உப்புத் தண்ணி ஸாப், கயித்தைத்தான் பார்த்தேன்." ஜட்ஜ் எழுதி, நோட்டை மூடிட்டார்.

ஒரு கை தூரத்தில் நான், ஈரப் பாயை மடிச்சுக்கிட்டு. என்னைக் கேட்கணும்னே அவருக்குத் தோணலை. மதில் மேல் செல்வி. வாய் வரை வந்துது:

ஸாப், சுக்கான் பிடிச்சது போட் பாய். வயசு ஐம்பத்தொண்ணு.