கெஃபிரில் சாக்லேட் கலந்தது நான்தான்

ராயபுரம்
மே 14

அன்புள்ள மச்சான் உபைதுல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் அக்கா ஜஹானாராவும் அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம். கோவையில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ குறுக்கே பேசுவாய். முப்பது வருடம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திய வாய் அது. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். மார்ச் மாதம் நீ வந்தபோது ஒரு சின்ன பாட்டிலில் கெஃபிர் மணிகளைக் கொண்டுவந்தாய். நொறுக்கிய காலிஃபிளவர் மாதிரி இருந்தன. இவற்றைப் பாலில் போட்டு வைத்தால் தயிருக்கும் மோருக்கும் நடுவில் ஒரு பதமாகப் புளிக்கும், இதயம் பலவீனமாகிப் பசியே இல்லாமல் கிடக்கும் அக்காவுக்கு இதுவாவது உள்ளே இறங்கும் என்றாய். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஏழு விதிகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்து, எனக்கு எழுத்தே தெரியாது என்பதுபோல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்துக் காட்டினாய். நான் ஐந்தாவதோடு நின்றவன்தான். ஆனால் ஹார்பரில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டியவன். மூட்டைகளிலும் பெட்டிகளிலும் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்டவன். அதை நீ மறந்துவிட்டாய்.

இருபத்து நான்கு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும் என்பது உன் மூன்றாவது விதி. வைத்தேன். ராயபுரத்து வெக்கையில் தண்ணீர் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்துவிட்டது. இங்கே பன்னிரண்டு மணி நேரமே அதிகம். கோவைக்கு எழுதிய சட்டம் இங்கே செல்லாது. எதையும் கலக்கக் கூடாது என்பது ஏழாவது விதி. அதையும் ஐந்து நாள் மதித்தேன். உன் அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாங்க இது, ஊறுகா பாட்டில கழுவி ஊத்துனா மாதிரி கீது" என்றாள். காசிமேட்டில் மீன் விற்கும் கீழ்வீட்டுக் கன்னியம்மா ஜாடியைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், கெட்டுப்போன பால கொட்டாம கண்ணாடில வெச்சி அயகு பாத்துகினு கீற?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்ததில் எனக்குச் சந்தோஷம். டம்ளர் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

உன் அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்பது உன் காகிதத்தில் இல்லை. ஹார்பரில் கோகோ மூட்டை இறங்கும் நாட்களில் என் சட்டையில் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். அந்தச் சட்டையை மட்டும் அவள் உடனே துவைக்க மாட்டாள். அதை நினைத்துத்தான் கோகோ பொடி வாங்கினேன்.

பொடியை அப்படியே போட்டால் மிதந்து கட்டி பிடிக்கும். ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் குழைத்து நன்றாக ஆறவிட வேண்டும். ஊறவைத்த பேரீச்சம்பழம் மூன்றை அதோடு அரைக்க வேண்டும். மணிகளை வடிகட்டி எடுத்த பிறகு, கெஃபிரில் இந்த விழுதைக் கலந்து, பாட்டிலை மூடி அரை நாள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். திறக்கும்போது சோடா மாதிரி சீறும், மெதுவாகத் திறக்க வேண்டும். இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. மூன்று முறை கெடுத்து நாலாவது முறை பிடித்தேன். உன் அக்கா முழு டம்ளரையும் குடித்து மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கீதா?" என்று கேட்டாள். எத்தனை மாதம் கழித்து நான் கேட்ட வார்த்தை தெரியுமா?

அந்த வாரம்தான் நீ வீடியோவில் கூப்பிட்டாய். அவள் கையில் பழுப்பு நிறத்தில் டம்ளரைப் பார்த்ததும், கல்லூரித் தமிழெல்லாம் பறந்துபோய், "அது உயிரு கீற பொருளு மச்சான்! படிக்காத ஆளாண்ட குட்த்தேன் பாரு, என் புத்திய சொல்லணும்" என்று கத்தினாய். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று நானும் சொல்லி போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ பதினோரு முறை கூப்பிட்டாய். அவளிடம் தனி போன் இல்லை என்று தெரிந்தும் நான் எடுக்கவில்லை. நீ சொன்னது தவறு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. வடிகட்டிய பிறகு சாக்லேட் கலந்தால் மணிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆறு வாரம் நடத்திக் காட்டியிருக்கிறேன்.

இனி எழுதப்போவதை நீ இரண்டு முறை படிப்பாய் என்று தெரியும். படித்துக்கொள்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் ருசி குறைகிறது என்றாள். கறியை மசாலாவில் ஊறவைத்தால்தானே ருசி உள்ளே இறங்கும், பிரியாணிக்கு அப்படித்தானே செய்கிறோம், இதற்கும் அதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது. பாலிலேயே கோகோவைக் கரைத்து மணிகளையும் அதிலேயே போட்டு வைத்தேன். முதல் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் பால் உறையவில்லை. மணிகள் பழுப்பேறிச் சுருங்கி, தொட்டால் கூழாக நசுங்கின. நல்ல பாலில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பிழைக்கவில்லை. இதற்கு நான் மட்டும்தான் பொறுப்பு.

பக்கத்து வீட்டு தப்ரேஸ், போனில் ஆர்டர் போட்டால் மறுநாளே மணிகள் வீட்டுக்கு வரும் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவன் கேட்டான். அவனுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஒன்றரை கிலோ கூடியிருந்தது. எல்லாம் நம் டம்ளரின் வேலை என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் உன் அக்காவின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை. "அய்யா, இது சதை இல்ல, தண்ணி" என்றாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மருந்து தொடரட்டும், ஆனால் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாதாம். அந்த லிட்டருக்குள் இதுவும் ஒரு டம்ளர் இருக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றாள். அந்த மட்டில் நான் தோற்கவில்லை.

ஜஹானாரா உன்னைக் கூப்பிடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் கோபம் அவளுக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பையன் துன்னானா இன்னான்னு கூட தெரியல" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். உனக்கு அறுபத்து மூன்று வயது. உன் உம்மா இறந்தபின் உனக்குச் சோறு ஊட்டியவளுக்கு நீ இன்னும் பையன்தான்.

ஆகவே மணிகளைக் கூரியரில் அனுப்பாதே. வழியில் வெக்கையில் செத்துப்போகும். நீயே கையில் கொண்டுவா. வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் சனிக்கிழமை வந்துவிடலாம். நாலு நாளாவது தங்குவதுபோல வா. வாசலை மிதிக்காதே என்ற அந்த வார்த்தையை நான் சொன்னேன், நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். விதிகளை மறுபடியும் வாசிக்க வேண்டுமென்றால் வாசி. சாக்லேட் கலக்கும்போது மட்டும் சும்மா நின்று பார். அதில் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே. என் பேச்சைப் பொருட்படுத்தாமல், அக்காவைப் பார்க்க வேண்டும் என்று நீயாகவே வந்ததாக இருக்கட்டும். அவள் அப்படியே நம்பட்டும்.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கி, தாமதம் இல்லாமல் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உன் அக்காவின் கணவன்,
லியாகத் அலி