பிறீதர் குழாயில் அடைத்த துணி

டிச. 3, புதன்
விடியத் தொடங்கிய மழை. மோட்டார் சைக்கிளுக்குக் கீழே ஒயில் குளம். ஏறாவூர் மெக்கானிக் நசார் எல்லா ஒயில் சீல்களையும் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின்டயர் முழுக்க ஒயில். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் வழுக்கி விழுந்தேன். பென்சன் எடுத்த பள்ளிக்கூட மாஸ்டர், நடுரோட்டில். முழங்கால் போச்சு. இருபத்தைந்து வருடமாக இந்தப் பழைய இங்கிலாந்து எஞ்சினை அவனைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. அவனே ஏய்த்துவிட்டான்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடை. நாலைந்து பேர். நசார் பழைய சீல்களைப் போட்டு ஏமாற்றியதைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். மனம் கொஞ்சம் ஆறியது.

டிச. 5, வெள்ளி
மழை விட்டது. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர்க்காரம், முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்.

மு.ப. 10, எஞ்சினை நானே கழுவினேன். பிறீதர் குழாயின் வாய்க்குள் ஏதோ தெரிந்தது. குறட்டால் இழுத்தால் துணி. என் பழைய சாரத்தின் கிழிசல்.

நான்தான். போன கிழமை வெள்ளத்துக்குள்ளால் வயல் வட்டைக்கு வண்டியை உருட்டிப் போனபோது, தண்ணீர் ஏறாமலிருக்க அடைத்தது. சைலன்சரில் அடைத்ததை மட்டும் எடுத்திருக்கிறேன். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடத்தான் அந்தக் குழாயும் அதன் வால்வும். அதைப் பொத்தினால் காற்று சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வரும். நசார் எத்தனை தரம் சொல்லியிருப்பான். எருமை மாடு நான்.

உடனே போய்ச் சொல்லச் சொன்னாள் மனைவி. இன்று வெள்ளி, கடை பூட்டு என்றேன். சும்மா சாட்டு.

டிச. 6, சனி
வண்டியைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு ஏறாவூர். நசாரிடம் துணியைக் காட்டினேன். பிழை என்னுடையது என்றேன். தலையாட்டினான். தேத்தண்ணி எடுப்பித்தான். சீல் இரண்டு மாற்றினான். வால்வைக் கழற்றிக் கழுவி, வாயால் ஊதிப் பார்த்துப் பூட்டினான். வழக்கமான ஒரு பகிடி இல்லை. மச்சான் என்று ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. எல்லாம் நீங்க, வாங்க.

தேத்தண்ணிக் கடையில் கதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"சீலப் பத்திச் சொன்னதுக்குக் கோவமில்ல சேர். துணிய மறக்கிறது ஆருக்கும் வரும். அங்க ஒருத்தன், இந்த முஸ்லிம் ஆக்களே இப்பிடித்தான் எண்டு சொல்லக்குள்ள நீங்க சிரிச்சீங்களாம்."

சிரித்தேன். புதன்கிழமை இதில் எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.